ஒன்றிலிருந்து ஐந்துக்குள்

சிரிப்பு வரும், அதற்கு நான் பொறுப்பு, ஆனால் இப்போது வராது, பத்தாவது கேள்வியில்தான் வரும், அதுவரை யாரும் சிரிக்கக்கூடாது, முக்கியமாக நான் சிரிக்கக்கூடாது, ஏனென்றால் நான் உட்கார்ந்திருப்பது எங்கள் குவார்ட்டர்ஸ் குளியலறையில், கவிழ்த்துப்போட்ட சிவப்பு வாளியின் மேல், இங்கே மூக்கால் சிரித்தால்கூட நாலு சுவரும் அதை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுக்கும், போனில் அம்மாவுக்குக் கேட்டுவிடும், மூன்று நாள் உழைப்பு வீண். மூன்று நாளாக ஒரு பெண்மணியைச் செய்துகொண்டிருக்கிறேன். பெயர் முனைவர் மீனலோசனி. வயது நாற்பத்தெட்டு, தடித்த கண்ணாடி, நிரந்தர ஜலதோஷம், ஒரு வாக்கியத்தில் இரண்டு தடவையாவது 'தாங்கள்' சொல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. பாதிக் குரலை ஆஸ்பத்திரி லிஃப்டிலிருந்து எடுத்தேன், கதவு மூடப்படுகிறது என்று சொல்லுமே, அந்தக் கவலையே இல்லாத குரல், மீதிப் பாதியை எங்கள் தலைமையாசிரியையின் மூக்கிலிருந்து எடுத்தேன். சிம் என் வகுப்புத் தோழி நிவேதாவுடையது, பழையது, அம்மாவுக்குத் தெரியாத நம்பர். மடியில் அந்தப் படிவம். நாலு நாள் முன்னால் அம்மா வார்டிலிருந்து கொண்டுவந்து, படிக்காமல் எட்டாக மடித்து, மாதா காலண்டருக்குப் பின்னால் செருகிவைத்தது, செவிலியர் பணி நிறைவு மதிப்பீட்டுப் படிவம், இருபத்துநாலு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம், ஒன்று என்றால் முற்றிலும் உடன்படவில்லை, ஐந்து என்றால் முற்றிலும் உடன்படுகிறேன், கீழே பொடி எழுத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர் தொலைபேசியில் அழைக்கப்படுவார்கள். அந்தப் பொடி எழுத்தைப் பார்த்த நிமிஷம் மீனலோசனி எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள், தாங்கள் அமரலாம் என்று நான்தான் சொன்னேன். திட்டம் எளிமை. ஒன்பது கேள்வி ஒழுங்காக, பத்தாவது கேள்வி என் சொந்தச் சரக்கு: வீட்டில் பிளஸ் டூ பரீட்சைக்காக உயிரை விட்டுப் படிக்கும் தங்கள் அருமை மகளுக்கு இன்று மாலை சிக்கன் பிரியாணி வாங்கித் தருவதில் தாங்கள் எந்த அளவுக்கு உடன்படுகிறீர்கள். அப்போது அம்மா ஒரு நொடி திகைப்பாள், அப்புறம் சிரிப்பாள், அவள் சிரித்து நான் பார்த்துப் பல வாரம் ஆகிறது, அதற்காகத்தான் இவ்வளவு பாடு என்று சொன்னால் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும், உண்மை அது பாதி, மீதிப் பாதி என்னால் சும்மா இருக்க முடியாது.

மணி ஒன்று முப்பத்தைந்து. சாப்பாட்டு நேரம், நர்ஸ்கள் உடை மாற்றும் அறையில் பீரோவிலிருந்து போனை எடுத்து வைத்துக்கொள்ள அனுமதி உள்ள ஒரே நேரம், இரண்டு மணிக்கு அது முடியும், அதற்குமேல் போன் உள்ளே போய்விடும். ரிங் போனது. அலோ என்றாள், தெரியாத நம்பருக்கு வைக்கும் அலோ, அதன் கடைசி எழுத்து மேலே ஏறி நிற்கும், கேள்விக்குறி போல, யாராவது செத்துப்போன சேதியோ என்று. வணக்கம், ஸ்டாஃப் நர்ஸ் சகாயமேரி அவர்களா, நான் முனைவர் மீனலோசனி, செவிலியர் பணி நிறைவு ஆய்வுக் குழுவிலிருந்து தங்களை அழைக்கிறேன், தாங்கள் சில நிமிடங்கள் ஒதுக்க இயலுமா. பத்துக்குப் பத்து வந்தது குரல், மூக்கில் எங்கே அடைக்க வேண்டுமோ அங்கே அடைத்தது, நானே பயந்துபோனேன், இந்த அம்மாள் எங்கேயோ நிஜமாகவே இருப்பாள், இந்நேரம் அவளுக்குப் புரை ஏறியிருக்கும். அந்தப் பக்கம் டிபன் டப்பா மூடி விழுந்து உருண்டது. உருண்டுகொண்டே இருந்தது. எலுமிச்சைச் சாதம், காலையில் நானும் அதைத்தான் சாப்பிட்டேன், கடலை மட்டும் பொறுக்கிச் சாப்பிட்டுவிட்டு அம்மாவின் டப்பாவில் கடலை இல்லாத சாதமாகப் பார்த்து அடைத்தவள் நான்தான். சொல்லுங்க மேடம் என்றாள் அம்மா. முதல் கேள்வி, என் பணிச்சூழல் பாதுகாப்பாக உள்ளது. அஞ்சு மேடம். இரண்டு, என் மேலதிகாரி என்னை மரியாதையுடன் நடத்துகிறார். அஞ்சு. மூன்று, ஒரு பணி நேரத்தில் எனக்கு ஒதுக்கப்படும் நோயாளிகளின் எண்ணிக்கை நியாயமானது. இதற்கு அஞ்சு வராது என்று நினைத்தேன், போன வாரம் இருபத்திரண்டு கட்டிலுக்கு இரண்டே பேர், கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு அவள் சொன்னது இன்னும் இந்தக் குளியலறையிலேயே இருக்கிறது, இதே சிவப்பு வாளியில்தான் காலை வைத்திருந்தாள், எலும்புக்குள்ள யாரோ நடக்கறாங்கடி என்றாள். அஞ்சு மேடம். கேள்வி முடிவதற்குள் பதில் வருகிறது, ஸ்கூலில் பிரம்புக்குக் கையை நீட்டிவிட்டு வேகமாக அடித்துவிடுங்கள் என்று நிற்பார்களே, அப்படி. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, துண்டை வாயில் வைத்துக் கடித்தேன், துண்டில் அம்மா வாசனை, டெட்டாலும் ஸ்பிரிட்டும் தேங்காய் எண்ணெயும். நான்காவது கேள்விக்கு வாயைத் திறந்தேன். மேடம், ஒண்ணு கேக்கலாமா, என்றாள். தாராளமாகக் கேளுங்கள்.

"எனக்குப் பணி நிறைவு எந்தத் தேதியிலேருந்து மேடம்?"

தேதி. எந்தத் தேதி, இதில் தேதி எங்கே இருக்கிறது என்று படிவத்தைப் புரட்டினேன், முன்பக்கம், பின்பக்கம், செவிலியர் பணி நிறைவு, பணி நிறைவு, நிறைவு, ஒரு சொல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது சொல் இல்லாமல் வெறும் சுழியும் கொம்புமாக ஆகிவிடும், அப்படி ஆகி, மறுபடி சேர்ந்து, இந்தத் தடவை வேறு இடத்தில் போய் நின்றது, படிவத்தில் இல்லை, ஒரு ஃப்ளெக்ஸ் பேனரில், ஊதா எழுத்தில், மஞ்சள் பின்னணியில். ஆயா சின்னப்பொண்ணு அவர்களின் பணி நிறைவுப் பாராட்டு விழா. பங்குனியில் நடந்தது, ஆஸ்பத்திரி கான்டீனில், சின்னப்பொண்ணு ஆயாவுக்கு ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு பூங்கொத்து, மறுநாள் காலை பழக்க தோஷத்தில் வேலைக்கு வந்துவிட்ட ஆயாவை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தி, உங்களுக்குத்தான் பணி நிறைவு ஆயிடுச்சே ஆயா, என்று திருப்பி அனுப்பினார். அதற்கப்புறம் அந்த ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். வீட்டுக்கு அனுப்புவது. இந்தப் படிவத்தை எழுதிய புண்ணியவான் எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்து, செய்யும் வேலையில் மனசு நிறைந்திருக்கிறதா என்று கேட்பதற்கு இந்தச் சொல்லைப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். அதுவும் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் படிவம், போன மாதம் சேர்ந்த புதுப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் கிடையாது. அம்மாவுக்குப் பதினோரு வருஷம். அவள் தலைப்பைப் படித்திருக்கிறாள், தலைப்பை மட்டும், உடனே மடித்திருக்கிறாள், எட்டாக, மருந்துப் பொட்டலம் மாதிரி, மாதாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள், நாலு நாளாக அதற்கு எதிரே நின்று செபம் சொல்லியிருக்கிறாள், நான் கட்டிலில் படுத்தபடி அந்தச் செபத்தை அவள் குரலிலேயே முணுமுணுத்துக் கேலி செய்திருக்கிறேன். அருள் நிறைந்த மரியே. அதிலும் நிறைந்த. துண்டு வாயிலேயே இருந்தது, எடுக்க மறந்துவிட்டேன், மேடம் லைன்ல இருக்கீங்களா என்றாள் அம்மா.

சரி, இதைச் சரி செய்வது சுலபம், மீனலோசனி எதற்கு இருக்கிறாள். தாங்கள் தவறாகப் புரிந்துகொண்டுள்ளீர்கள் சகாயமேரி, பணி நிறைவு என்பது இங்கே பணியிலிருந்து விடுவிப்பதைக் குறிக்கவில்லை, பணியில் தங்களுக்கு ஏற்படும் மனநிறைவை மட்டுமே குறிக்கிறது, தாங்கள் அஞ்ச வேண்டியதில்லை. நல்ல வாக்கியம், இலக்கணப் பிழை இல்லை, லிஃப்ட் கதவு மாதிரி சத்தமில்லாமல் மூடியது. அம்மா அதற்குச் சிரித்தாள், ஆனால் நான் காத்திருந்த சிரிப்பு இல்லை, நோயாளியின் சொந்தக்காரர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து வராந்தாவில் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. நீங்க நல்லவங்க மேடம், மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க, நாங்களும் பேஷண்ட்கிட்ட இப்படித்தான் சொல்லுவோம், ஒண்ணும் இல்லம்மா, சும்மா ஒரு டெஸ்ட்டுதான்னு. இல்லை இல்லை என்றேன், மீனலோசனி 'இல்லை இல்லை' என்று இரண்டு தடவை சொல்ல மாட்டாள், அந்த அவசரம் அவளுக்குக் கிடையாது, அதுவே அம்மாவுக்கு உறுதியாகிவிட்டது போல. பரவால்ல மேடம், எனக்கு முன்னாடியே தெரியும், நான் லெட்டர் எழுதி வெச்சிட்டேன், நானா வேலைய விட்டு நின்னுக்கறேன்னு, பாக்கெட்லதான் இருக்கு, ரெண்டு மணிக்கு எமரென்சியா மேடம் மீட்டிங் கெளம்பிடுவாங்க, அதுக்குள்ள குடுத்துடணும். எமரென்சியா மேடம் நர்சிங் சூப்பிரண்டெண்ட், அவர் கையில் ஒரு காகிதம் போனால் அது திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. எதற்குத் தாங்களாகவே விலக வேண்டும் என்றேன், என் குரலா மீனலோசனி குரலா தெரியவில்லை. நானா எழுதிக் குடுத்தா குவார்ட்டர்ஸ்ல மூணு மாசம் இருக்கலாமாம் மேடம், அவங்களா அனுப்பினா ஒரே வாரத்துல காலி பண்ணணுமாம், எனக்கு ஒரே பொண்ணு, பரீட்சை முடியணும், இப்பப் போயி வீடு மாத்தினா அது என்ன படிக்கும்.

அது என்ன படிக்கும். அது படிப்பது போன வெள்ளிக்கிழமையோடு நின்றுவிட்டது மேடம், அது குளியலறையில் வாளிமேல் உட்கார்ந்திருக்கிறது. எழுந்தேன். ஓடிவிடலாம், குவார்ட்டர்ஸிலிருந்து ஆஸ்பத்திரிப் பின்வாசல் இருநூறு எட்டுத்தான், நான் எண்ணியிருக்கிறேன், செருப்பில்லாமல் ஓடினால் இரண்டு நிமிஷம், தாழ்ப்பாளில் கை வைத்தேன், வைத்தபிறகுதான் ஞாபகம் வந்தது. எங்கள் குளியலறைத் தாழ்ப்பாளைப் போடக்கூடாது. போட்டால் உள்ளேயிருந்து வராது, வெளியிலிருந்து இடுக்கில் ஸ்பூனை விட்டுத் தூக்க வேண்டும், அதற்கென்றே ஒரு வளைந்த ஸ்பூன் அடுப்பு மேடையில் இருக்கிறது, குளிக்கும்போது வாளியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தால் போதும் என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள், அந்த ஆயிரத்தையும் அவள் குரலிலேயே எனக்குச் சொல்லத் தெரியும். இன்று எதிரொலி வெளியே போகக்கூடாதென்று போட்டேன். இழுத்தேன். இன்னொரு தடவை இழுத்தேன், விரல் நகம் மடிந்தது. சுவரைத் தட்டினால் அடுத்த வீட்டு அமுதவல்லி அக்கா கேட்கும், ஆனால் வராது, போன மாதம் பாம்பு பாம்பு என்று அம்மா குரலில் கத்தி அதைத் தூக்கத்திலிருந்து எழுப்பி நைட்டியோடு ஓடிவர வைத்தவள் நான், பாம்பு இல்லை, அதற்கப்புறம் இந்தச் சுவரில் எது கேட்டாலும் திரும்பிப் படுத்துக்கொள்வதாகச் சத்தியம் செய்திருக்கிறது. போனை வைத்துவிட்டு என் சொந்த நம்பரிலிருந்து கூப்பிடலாம், ஆனால் என் போன் வெளியே கட்டிலில், பிசிக்ஸ் புத்தகத்துக்குள். இதை வைத்தால் அம்மா அதோடு போனை பீரோவில் போட்டுப் பூட்டிவிட்டு நேராகச் சூப்பிரண்டெண்ட் அறைக்கு நடப்பாள், அவள் செய்வதை எல்லாம் முன்கூட்டியே செய்துவிடுவாள், பஸ்சுக்கு அரை மணி முன்னால் போய் நிற்பவள். ஆகவே வைக்க முடியாது, நான்தான் என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தால் மீனலோசனிதான் வருகிறாள். பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று நாற்பத்தொன்று. வென்டிலேட்டர் கண்ணாடி மூன்று பட்டை, ஒவ்வொன்றும் என் கை அகலம், அதற்கு அந்தப் பக்கம் வெயில், ஆக்சிஜன் சிலிண்டரை யாரோ தரையில் உருட்டிக்கொண்டு போகிறார்கள். மேடம், இன்னும் கேள்வி இருக்கா. இருக்கிறது, இருக்கிறது, தாங்கள் போகக்கூடாது, அதாவது, கேள்வி ஏழு. நாலும் ஐந்தும் ஆறும் என்ன ஆயின என்று அவள் கேட்கவில்லை. மீண்டும் வாய்ப்புக் கிடைத்தால் தாங்கள் இதே பணியைத் தேர்ந்தெடுப்பீர்களா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள்.

இந்தத் தடவை அஞ்சு வரவில்லை. டப்பாவில் ஸ்பூன் ஒரு சுற்றுச் சுற்றியது, சாதத்தைத் தேடுகிறதா கடலையைத் தேடுகிறதா. "இனிமே எதுக்கு மேடம் அஞ்சு போட்டுக்கிட்டு," என்றாள், "உள்ளத சொல்லிடறேன். வயசானவங்க கையில நரம்பே கெடைக்காது. தட்டி, தடவி, மூணு இடம் பாத்து, ஊசி உள்ள போறப்ப ஒரு சின்ன வழுக்கல் இருக்கும், நமக்கு மட்டும் தெரியும், கெடச்சிடுச்சுன்னு. அதுக்காகவே திரும்பவும் வருவேன்." இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதில்லை. பதினேழு வருஷத்தில் நான் கேட்டதெல்லாம் எப்போ வருவே, என்ன குழம்பு, சார்ஜர் எங்கே. மீனலோசனி கேட்டாள், சொல்லிவிட்டாள். முகம் தெரியாத ஒரு மூக்கடைத்த பெண்பிள்ளை மேல் எனக்குப் பொறாமை வந்தது, அவளை நான்தான் செய்தேன், என் வாயால்தான் பேசுகிறாள், ஆனால் அம்மா அவளோடு இருக்கிறாள், நான் வெளியே நிற்கிறேன், இல்லை, உள்ளே, தாழ்ப்பாளுக்கு உள்ளே. கஷ்டம் என்று ஏதேனும், என்று மீனலோசனி இழுத்தாள், நான் வேண்டாம் என்று சொல்வதற்குள். கஷ்டம்னா குரல்தான் மேடம். குரலா. ஆமா மேடம், நாள் பூரா மெதுவா பேசணும், வலிக்குதுன்னு கத்தறவங்க, திட்டறவங்க, எல்லார்கிட்டயும் மெதுவா பேசிப் பேசி வீட்டுக்குப் போறப்ப அதுல மிச்சமே இருக்காது, வீட்ல என் பொண்ணுக்குக் கெடைக்கிறது பூரா கத்தல்தான். பங்குனியில் சின்னப்பொண்ணு ஆயா விழாவில் மகள் மேடையேறி எல்லோர் மாதிரியும் பேசிக் காட்டியதைச் சொன்னாள், டாக்டர், வாட்ச்மேன், லிஃப்ட், எமரென்சியா மேடம், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம், கடைசியில் அம்மா மாதிரியும் அது பேசியதாம், ஊசி போடும்போது அம்மா பேஷண்ட்டிடம் பேசுவதை. "அதக் கேட்டுத்தான் மேடம் எனக்கே தெரிஞ்சுது, நான் அவ்ளோ நல்லா பேசுவேன்னு. வீட்ல அப்படி ஒரு நாள் பேசினதில்லையே, இதுக்கு எப்படித் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியும் எப்படி என்று. ஏழாம் வகுப்பு, டெங்கு, அதே வார்டு, பதினாலாம் நம்பர் கட்டில், அம்மா அங்கே டியூட்டி, முதல் நாள் கையில் ஊசி குத்த வந்தாள், அவள் வேறு ஒருத்தி, அதே முகம், ஆனால் அந்தக் குரல் எனக்குப் புதுசு, கைய லூசா விடுங்க என்றாள், மகளான என்னிடமே மரியாதையாக 'விடுங்க' என்றாள், பழக்கத்தில், எறும்பு கடிதான், ஒண்ணு சொல்றதுக்குள்ள முடிஞ்சிடும் என்றாள், அந்த ஏழு நாளும் ஜுரம் இன்னும் நன்றாகக் காய வேண்டும் போலிருந்தது எனக்கு. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த அன்று மாலையே கத்தினாள், செருப்பை இங்கயா கழட்டுவே என்று. அதற்கப்புறம் அந்த வார்டுக் குரலை நானே செய்ய ஆரம்பித்தேன், யாரும் இல்லாதபோது, முதலில் சிரிக்க வைக்க அல்ல. மற்ற குரலெல்லாம் பிறகு வந்தவை. அப்பா எங்களோடு இல்லை, அது வேறு கதை, அதில் சிரிப்பு கிடையாது, அவர் குரலும் என்னிடம் இருக்கிறது, எடுப்பதில்லை. ஒன்று ஐம்பத்திரண்டு. நாற்காலி நகர்ந்தது. மேடம் கோச்சுக்காதீங்க, நான் கெளம்பணும். எமரென்சியா மேடம் குரலை எடுத்துவிடலாமா, சகாயமேரி நோ லெட்டர் கிட்டர், கோ டு தி வார்டு, என்று ஒரு அதட்டல், வாயில் தயாராக வந்து நின்றது, ஆனால் அம்மா சொன்னாள், அதோ கண்ணாடி வழியா தெரியுது, மேடம் பையை எடுத்துட்டாங்க. போயிற்று. அம்மா அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் குரல் போனில் வந்தால் பேய் என்றுதான் ஆகும். லிஃப்ட் வேண்டாம், தலைமையாசிரியை வேண்டாம், யாரும் வேண்டாம், என் குரல், என் சொந்தக் குரல், அம்மா நான்தான் என்று இரண்டு சொல், அதைத் தேடினால் அது எங்கேயும் இல்லை, ஒவ்வொரு அறையாகத் திறக்கிறேன், ஒவ்வொன்றிலும் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், வாட்ச்மேன், டாக்டர், நிவேதா, எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள், நான் மட்டும் இல்லை, என் இடத்தில் ஒரு கவிழ்த்த வாளி. நான், என்றேன். கீச்சென்று ஒரு சத்தம், பாதி மீனலோசனி, பாதி காற்று. என்ன மேடம், தொண்டை கட்டிடுச்சா, கல்லுப்பு போட்டு வெந்நீர்ல கொப்பளிங்க, பாவம் எத்தன பேர்கிட்ட பேசறீங்களோ காலைலேருந்து, என்றாள் அம்மா, என் தொண்டைக்கு, யாருடையதென்று தெரியாமல். அவள் அறைக் கதவின் கைப்பிடி திரும்பும் சத்தம் கேட்டது. அந்தக் கதவும் கொஞ்சம் சிக்கும் போலிருக்கிறது, ஒரு நொடி கிடைத்தது. அந்த ஒரு நொடியில், தேடாமல், மூக்கை அடைக்காமல், எதையும் செய்யாமல் வாயைத் திறந்தேன், அதுவாக வந்தது.

"கைய லூசா விடுங்க. அந்தப் பேப்பர அப்படி ஓரமா வைங்க. யாரும் உங்கள எங்கயும் அனுப்பல. எறும்பு கடிதான், ஒண்ணு சொல்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

கதவுச் சத்தம் நின்றது. சிலிண்டர் உருளும் சத்தமும் நின்றுவிட்டதா, இல்லை, எனக்குத்தான் கேட்கவில்லையா. சுவர்கள் அவள் குரலை ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அடங்கின. இரண்டு பக்கமும் மூச்சு மட்டும், எது யாருடையது என்று சொல்ல முடியாத மூச்சு. பிறகு ஒரு காகிதம் மேஜைமேல் வைக்கப்பட்டது, அதன்மேல் ஒரு டிபன் டப்பா, கனமாக. சில்லு, என்றாள். பிரிசில்லா என்பது ரேஷன் கார்டுக்கு, சில்லு அவளுக்கு மட்டும். உம் என்றேன், அது என் குரலாக இருந்தது, இவ்வளவு சின்னதா என்று இருந்தது. பாத்ரூம்லயா இருக்கே என்றாள். உம். தாழ்ப்பாள் போட்டியா. உம். அவள் கத்தப்போகிறாள், காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன், கண்ணை மூடிக்கொண்டேன், ஆனால் வந்தது அது இல்லை, மெதுவாக வந்தது, இருபத்திரண்டு கட்டிலுக்கும் கொடுத்தபிறகு எங்கேயோ முந்தானையில் முடிந்துவைத்திருந்தது போல, பதினாலாம் நம்பர் கட்டிலுக்கு வந்தது போல, அவ்வளவு மெதுவாக.

"ஸ்பூன எடுத்துட்டு நானே வந்து தெறக்கறேன். அதுக்குள்ள தாங்கள் யோசிச்சு வைங்க மேடம், ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள, எத்தன அடி வேணும்னு."